பந்தை மேலே எறிந்தால் எத்தனை அம்புக்குறி?

மாலையில் என்னிடம் படிக்க வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'இயக்க விதிகள்' பாடம் தொடங்கும் நாளில் நான் புத்தகத்தைத் திறப்பதில்லை. ஆளுக்கொரு தாளைக் கொடுத்து ஒரு படம் போடச் சொல்வேன். "ஒரு பந்தை நேராக மேலே எறிந்துவிட்டாய். அது கையை விட்டுப் போயாச்சு, உச்சிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, நடுவில் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பந்தின் மேல் என்னென்ன விசை இருக்கிறதோ, அம்புக்குறி போட்டுக் காட்டு. காற்றை மட்டும் விட்டுவிடு."

பெரும்பாலும் எல்லாத் தாளிலும் இரண்டு அம்பு இருக்கும். கீழ்நோக்கி ஒன்று, அது புவியீர்ப்பு. மேல்நோக்கி ஒன்று, அதைவிடக் கொஞ்சம் பெரிதாக. இது என்ன என்று கேட்டால், "நான் எறிஞ்ச விசை சார், அதனாலதானே மேலே போகுது" என்று பதில் வரும். கொஞ்சம் யோசிக்கிற பிள்ளை இன்னும் ஒரு படி மேலே போய், "மேலே போகப் போக அந்த விசை தீர்ந்துபோகும், உச்சியில ரெண்டும் சமமாயிடும், அப்புறம் கீழே வரும்" என்று முழுக் கணக்கையும் சொல்லிவிடும்.

சரியான படத்தில் ஒரே ஒரு அம்புதான் இருக்கும். கீழ்நோக்கி. ஏறும்போதும் அதே அம்பு, உச்சியில் ஒரு கணம் நிற்கும்போதும் அதே அம்பு, இறங்கும்போதும் அதே அம்பு.

இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சத்தம் எழும் பாருங்கள், எனக்கு அது மிகவும் பிடிக்கும். பிள்ளைகள் முட்டாள்தனமாக எதுவும் சொல்லிவிடவில்லை. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில், ஒரு பொருள் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டுமானால் அதை எதுவோ தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இருந்த ழான் புரிடான், எறிகிறவர் ஒரு வேகச் சக்தியைப் பொருளுக்குள் ஏற்றிவிடுகிறார், புவியீர்ப்பும் காற்றும் அதைத் தேய்த்துக் கரைத்துவிடுகின்றன என்று விளக்கினார். என் வகுப்புப் பிள்ளைகளின் விடைக்கு மிகவும் நெருக்கமான விளக்கம் இது. அந்தக் காலத்துப் பெரிய மூளைகள் தடுக்கி விழுந்த அதே இடத்தில்தான் நாமும் விழுகிறோம். அதனால் இந்தப் பாடத்தில் வேறு எதை அவசரமாகக் கடந்தாலும் இந்த ஓர் இடத்தில் நின்று நிதானித்துத்தான் போக வேண்டும்.

விசை என்பது ஒரு தள்ளல், அல்லது ஓர் இழுப்பு. அது ஒரு பொருளுக்குள் சேர்த்து வைத்திருக்கிற சரக்கு கிடையாது. கொடுப்பதற்கு ஒன்றும் வாங்குவதற்கு ஒன்றும் என்று எப்போதும் இரண்டு பொருள்களுக்கு நடுவில்தான் அது நடக்கும். ஆகவே எந்தப் படத்தில் எந்த அம்பு போட்டாலும், "இதைக் கொடுப்பது யார்?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பது யார்? யாரும் இல்லை. கை எப்போதோ விலகிவிட்டது. தொடாமலே இழுப்பவை காந்தம், மின்னூட்டம், புவியீர்ப்பு போன்றவை. இங்கே இருப்பது பூமி மட்டும்தான். மேல்நோக்கிய அம்புக்குச் சொந்தக்காரர் இல்லாததால் அதை அழித்துவிட வேண்டும்.

சரி, அப்படியானால் பந்து ஏன் மேலே போகிறது? கையை விட்டபோது அதற்கு ஒரு வேகம் இருந்தது, அதனால் போகிறது. போய்க்கொண்டிருப்பதற்கு யாருடைய உதவியும் அதற்குத் தேவையில்லை. பூமி கீழே இழுப்பதால் அந்த வேகம் ஒவ்வொரு நொடிக்கும் நொடிக்கு 9.8 மீட்டர் வீதம் குறைகிறது, சுழியாகிறது, பிறகு கீழ்நோக்கி அதே வீதத்தில் கூடுகிறது. ஓர் இழுப்பு மட்டுமே இத்தனையையும் செய்துவிடுகிறது.

போய்க்கொண்டிருப்பதற்கு விசை வேண்டாம் என்பதுதான் நியூட்டனின் முதல் விதி. ஒரு பொருளின் மேல் வெளியிலிருந்து விசை எதுவும் செயல்படாதவரை, நிற்பது நின்றுகொண்டே இருக்கும், போவது அதே வேகத்தில் நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். இந்தக் குணத்துக்கு நிலைமம் என்று பெயர்.

நம்ப முடியாமல் இருப்பதற்குக் காரணம், நம் கண்ணெதிரில் எல்லாமே நின்றுபோகிறது. ஒரு கேரம் போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். பவுடர் போடாத பழைய பலகையில் ஸ்டிரைக்கரைச் சுண்டினால் நாலு விரற்கடை போய் நின்றுவிடும். கொஞ்சம் போரிக் பவுடர் தூவி, உள்ளங்கையால் பரப்பிவிட்டு, அதே பலத்தில் சுண்டுங்கள். எதிர்ப்பக்கக் கட்டையில் மோதித் திரும்பி வரும். விரல் கொடுத்த தள்ளல் இரண்டு முறையும் ஒன்றுதான், விரல் ஸ்டிரைக்கரை விட்டு விலகியதோடு அந்தத் தள்ளல் முடிந்தும்போனது. மாறியது பலகையின் உராய்வு. முதல் முறை ஸ்டிரைக்கர் 'விசை தீர்ந்து' நிற்கவில்லை. பலகை அதை நிறுத்தியது. உராய்வைக் குறைக்கக் குறைக்க அது இன்னும் தூரம் போகும். உராய்வே இல்லாவிட்டால்?

கலிலியோ கேட்டது கிட்டத்தட்ட இதே கேள்வி. ஒரு சரிவில் உருண்டு இறங்கும் குண்டு, எதிரே உள்ள இன்னொரு சரிவில் ஏறக்குறைய புறப்பட்ட உயரத்துக்கு ஏறுகிறது. எதிர்ச்சரிவைத் தாழ்த்தினால் அதே உயரத்தை எட்ட அதிக தூரம் ஓட வேண்டியிருக்கிறது. இன்னும் தாழ்த்தினால் இன்னும் தூரம். ஒரேயடியாகச் சமதளமாக்கிவிட்டால், அந்த உயரத்தை அது எட்டவே போவதில்லை, எனவே ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் பார்க்கவே முடியாத ஒன்றை, பார்த்ததை வைத்துக்கொண்டே எட்டிப் பிடித்த இந்த யோசனையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

இன்று நம்மால் கிட்டத்தட்ட நேரிலேயே காட்ட முடியும். 1977 செப்டம்பரில் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம், நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. முன்னால் தள்ள எந்த எஞ்சினும் ஓடவில்லை. அதிலுள்ள சிறு உந்திகள் அதன் முகத்தைப் பூமியின் பக்கம் திருப்பி வைப்பதற்கு மட்டும்தான். வழியில் தேய்க்க ஒன்றும் இல்லாததால் போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது.

பேருந்தில் நின்றுகொண்டு போகும்போது ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டால் முன்னால் சாய்கிறோமே, அப்போது நம்மை முன்னால் தள்ளியது யார்? அதே கேள்வியைக் கேளுங்கள். பின்னால் நிற்பவர் தள்ளவில்லை. பேருந்து நின்றது, தரையோடு சேர்ந்து நம் பாதமும் நின்றது, உடம்பின் மேல்பாதிக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கம் 'தள்ளப்படுவதும்' இதே கதை. நாம் நேராகப் போகப் பார்க்கிறோம், பேருந்து திரும்புகிறது. சீட் பெல்ட் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியாது. கார் நின்றுவிடும், நம்மை நிறுத்துவதற்கும் ஒன்று வேண்டும்.

விசை இல்லாமல் வேகம் மாறாது என்றால், விசை இருந்தால் எவ்வளவு மாறும்? அதற்குத்தான் இரண்டாம் விதி. வேகமோ திசையோ மாறும் வீதத்துக்கு முடுக்கம் என்று பெயர். விசை = நிறை × முடுக்கம். ஒரு கிலோகிராம் நிறையுள்ள பொருளின் வேகத்தை நொடிக்கு நொடி, நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் கூட்டுகிற விசைதான் ஒரு நியூட்டன். கையில் உணர்ந்து பார்க்க வேண்டுமா? சுமார் 100 கிராம் உள்ள ஒரு கொய்யாக்காயை உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது கையை அழுத்துகிற விசை ஏறத்தாழ ஒரு நியூட்டன்.

ஒரு ஸ்கூட்டரும் ஓட்டுபவரும் சேர்ந்து 180 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். நின்ற இடத்திலிருந்து 5 நொடியில் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தை எட்டுகிறது. முடுக்கம் 2. தேவைப்பட்ட விசை 180 × 2, அதாவது 360 நியூட்டன். இப்போது பின்னால் 60 கிலோகிராம் உள்ள ஒருவர் ஏறிக்கொள்கிறார். வண்டி அதே 360 நியூட்டனைத்தான் கொடுக்கிறது என்றால் முடுக்கம் 360 ÷ 240, ஒன்றரைதான். அதே வேகத்தை எட்ட 6.7 நொடி ஆகும். இருவர் ஏறினால் வண்டி 'இழுக்கவில்லை' என்று சொல்கிறோமே, அது இந்த வகுத்தல் கணக்குதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சமன்பாட்டில் வரும் விசை என்பது எல்லா விசைகளையும் கூட்டிக் கழித்து மிச்சம் நிற்பது, நிகர விசை. சமமான சாலையில் ஒரே வேகத்தில் போகிற ஸ்கூட்டரின் எஞ்சின் சும்மா இருக்கவில்லை. காற்றும் உராய்வும் பின்னால் இழுப்பதற்குச் சமமாக அது முன்னால் தள்ளுகிறது, நிகரம் சுழி, அதனால் வேகம் மாறவில்லை. வண்டி ஓட பெட்ரோல் வேண்டும் என்பதை வைத்து 'ஓட்டத்துக்கு விசை வேண்டும்' என்று முடிவு கட்டிவிடுகிறோமே, அந்தப் பெட்ரோல் இந்த எதிர்ப்பை ஈடுகட்டத்தான் போகிறது.

நியூட்டன் 1687ஆம் ஆண்டு இந்த விதிகளை லத்தீனில் அச்சிட்டபோது, இரண்டாம் விதியை நாம் இன்று எழுதுகிற வடிவில் எழுதவில்லை. உந்தத்தின் மாற்றம் என்றே சொன்னார். நிறையை வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம். அது எவ்வளவு நேரத்தில் மாறுகிறது என்பதைப் பொறுத்து விசை அமையும். இந்த வடிவம்தான் அன்றாட வாழ்க்கைக்கு அதிகம் உதவுகிறது என்பது என் அபிப்பிராயம்.

கிரிக்கெட் பந்து சுமார் 160 கிராம். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கைக்கு வருகிறது என்றால் உந்தம் 0.16 × 20 = 3.2. கையை விறைப்பாக வைத்துக்கொண்டு நூற்றில் ஒரு பங்கு நொடியில் நிறுத்தினால் விசை 320 நியூட்டன். 32 கிலோகிராமுக்கு மேல் உள்ள ஒரு மூட்டையை உள்ளங்கையில் வைத்தது போல. கையைப் பந்தோடு சேர்த்துப் பின்னால் இழுத்து, நூற்றில் ஐந்து பங்கு நொடியில் நிறுத்தினால் 64 நியூட்டன்தான். பந்து அதுதான், வேகம் அதுதான், வலி மட்டும் ஐந்தில் ஒன்று. ஹெல்மெட்டுக்குள் தெர்மாகோல் போல ஒரு கெட்டியான அடுக்கு இருக்கிறதே, அதன் வேலையும் இதேதான். அடிபடும்போது அது நசுங்குகிறது, தலை நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் கூடுகிறது, விசை குறைகிறது. ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது என்று சொல்வதும் இதனால்தான். நசுங்க வேண்டியது ஏற்கெனவே நசுங்கிவிட்டது.

நிறை, எடை என்ற இரண்டு சொற்களால் வரும் குழப்பத்தைச் சீக்கிரமாகத் தீர்த்துவிடலாம். நிறை என்பது ஒரு பொருள் வேக மாற்றத்துக்கு எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பதன் அளவு. கிலோகிராமில் சொல்வோம். எடை என்பது பூமி அதை இழுக்கும் விசை, நியூட்டனில் வரும். 60 கிலோகிராம் நிறையுள்ளவரின் எடை பூமியில் 588 நியூட்டன், நிலாவில் (அங்கே இழுப்பது நிலா) சுமார் 97 நியூட்டன். நிறை இரண்டு இடத்திலும் 60தான். (இலங்கைப் பாடநூல் வைத்துப் படிக்கிறவர்கள் கொஞ்சம் கவனிக்கவும். அங்கே 'நிறை' என்றால் நாங்கள் சொல்லும் எடை. நாங்கள் நிறை என்பதை அங்கே திணிவு என்பார்கள். முடுக்கம் அங்கே ஆர்முடுகல்.) பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் எடைமேடை வேலை செய்யாது, ஏறி நின்றால் சுழிதான் காட்டும். அங்கே வீரர்களின் நிறையை அளக்க, தெரிந்த ஒரு விசையால் ஆளை இழுத்து, எவ்வளவு முடுக்கம் வந்தது என்று அளந்து, விசையை முடுக்கத்தால் வகுத்துவிடுகிற கருவி வைத்திருக்கிறார்கள். நாம் தேர்வுக்கு எழுதுகிற சமன்பாடேதான்.

கனமான பொருளும் லேசான பொருளும் ஏன் சேர்ந்தே விழுகின்றன என்பதும் இதிலேயே இருக்கிறது. பத்து மடங்கு நிறை என்றால் பூமி பத்து மடங்கு பலமாக இழுக்கிறது, ஆனால் பொருளும் பத்து மடங்கு முரண்டு பிடிக்கிறது. இரண்டும் வகுபட்டுப் போய் முடுக்கம் ஒன்றாகிவிடுகிறது. 1971இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலாவில் நின்று ஒரு கையிலிருந்து சுத்தியலையும் மறு கையிலிருந்து ஒரு வல்லூறின் இறகையும் ஒரே நேரத்தில் விட்டார். காற்று இல்லாத அந்த இடத்தில் இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. காணொளி இணையத்தில் கிடைக்கிறது, ஒரு தடவை அவசியம் பாருங்கள்.

மூன்றாம் விதியை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: ஒவ்வொரு விசைக்கும் சமமான, எதிர்த்திசையில் அமைந்த எதிர்விசை உண்டு. சொல்வது சுலபம். அடுத்த கேள்வியில்தான் மாட்டிக்கொள்வோம். இரண்டும் சமம், எதிரெதிர் என்றால் ஒன்றையொன்று அடித்துவிட்டு எதுவுமே நகராமல் போக வேண்டுமே?

தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். வடம் பிடித்த ஜனம் தேரை எவ்வளவு பலமாக முன்னால் இழுக்கிறதோ, அதே அளவு பலமாகத் தேர் ஜனத்தைப் பின்னால் இழுக்கிறது. வடம் உள்ளங்கையை அறுக்கிறதே, அது தேரின் இழுப்பு. ஆனால் இந்த இரண்டு இழுப்பும் ஒரே பொருளின் மேல் விழவில்லை. ஒன்று தேரின் மேல், மற்றது ஆட்களின் மேல். தேர் நகருமா என்று அறிய, தேரின் மேல் உள்ள அம்புகளை மட்டும் எண்ண வேண்டும்: முன்னால் வடத்தின் இழுப்பு, பின்னால் சக்கரத்தின் எதிர்ப்பு. வடம் ஜெயித்தால் தேர் அசையும். ஆட்களின் மேல் உள்ளவை வேறு கணக்கு: பின்னால் வடம் இழுக்கிறது, முன்னால் தரை தள்ளுகிறது. ஆம், தரைதான். குதிகாலை ஊன்றிப் பின்பக்கமாக மண்ணைத் தள்ளுகிறார்கள், மண் அவர்களை முன்பக்கமாகத் தள்ளுகிறது. மழை பெய்து தெரு வழுக்கினால், கையில் எவ்வளவு பலம் இருந்தும் தேரை இழுக்க முடியாமல் கால் சறுக்கும். தேரை இழுக்கும் பலம் கடைசியில் பாதத்துக்கும் தெருவுக்கும் நடுவில் உள்ள உராய்விலிருந்து வருகிறது. இத்தனை நேரம் நாம் வில்லனாகக் காட்டிய உராய்வு இல்லாவிட்டால் நம்மால் ஓர் அடிகூட நடக்க முடியாது.

முதல் அசைவுக்குத்தான் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. நின்ற பொருளை அசைக்க விடாமல் பிடிக்கும் உராய்வு, அசைந்த பிறகு இருப்பதைவிட அதிகம், அத்தனை பெரிய நிறைக்கு முடுக்கமும் கொடுக்க வேண்டும். அசைந்துவிட்டாலோ வேறு பிரச்சினை, நிறுத்துவது. அதற்காகத்தான் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுபவர்கள் கூடவே ஓடுகிறார்கள். வடத்தால் முன்னால்தான் இழுக்க முடியும், பின்னால் தள்ள முடியாது. வேகத்தைக் குறைக்கிற விசையைக் கொடுக்க வேறொன்று தேவை, அதுதான் அந்த மரக்கட்டை.

எண்ண வேண்டியது ஒரு பொருளின் மேல் உள்ள அம்புகளை மட்டும் என்ற இந்தப் பழக்கம் வந்துவிட்டால் இன்னொரு பொறியிலிருந்தும் தப்பலாம். மேசை மேல் புத்தகம் இருக்கிறது. பூமி புத்தகத்தைக் கீழே இழுக்கிறது, மேசை அதை மேலே தாங்குகிறது, இரண்டும் சமம், ஆகவே இவை செயலும் எதிர்ச்செயலும் என்று எழுதிவிடுவார்கள். இல்லை. இரண்டும் புத்தகத்தின் மேலேயே விழுகின்றன. பூமி புத்தகத்தை இழுப்பதற்கு ஜோடி, புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தாங்குவதற்கு ஜோடி, புத்தகம் மேசையை அழுத்துவது.

இந்த விதியில் படித்த பெரியவர்களே தவறியது உண்டு. 1920இல் அமெரிக்காவில் ராபர்ட் காடார்டு, ராக்கெட்டால் நிலா வரை போக முடியும் என்று எழுதியபோது, நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தலையங்கத்தில் அவரைக் கேலி செய்தது. வெற்றிடத்தில் எதிர்த்துத் தள்ளக் காற்றே இல்லையே, இதுகூட அவருக்குத் தெரியவில்லையே என்று. ராக்கெட் காற்றைத் தள்ளி எழுவதில்லை. தன் வயிற்றில் எரியும் வாயுவைப் பின்னால் தள்ளுகிறது, அந்த வாயு ராக்கெட்டை முன்னால் தள்ளுகிறது. ஜோடி அந்த இரண்டுக்குள் முடிந்துவிட்டது, காற்றுக்கு அதில் பங்கில்லை. 1969 ஜூலை 17 அன்று, அப்போலோ 11 நிலாவை நோக்கிக் கிளம்பிய மறுநாள், அந்த நாளிதழ் தன் தவறுக்கு வருத்தம் தெரிவித்துத் திருத்தம் வெளியிட்டது. காடார்டு அதற்கு 24 வருடம் முன்பே இறந்துவிட்டார்.

2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான் 3ஐத் தூக்கிச் சென்ற எல்விஎம்3 ராக்கெட் கிளம்பும்போது சுமார் 640 டன். பூமி அதை ஏறக்குறைய 63 லட்சம் நியூட்டன் விசையால் கீழே இழுக்கிறது. வாயு மேலே தள்ளுவது அதற்கு மேல் போனால்தான் தரையை விட்டு எழும்பும். எரிய எரிய எரிபொருள் தீர்ந்து நிறை குறைகிறது, அதே தள்ளலுக்கு முடுக்கம் கூடிக்கொண்டே போகிறது. மெதுவாகக் கிளம்பிப் பிறகு பாய்வது போல் தெரிவதற்கு இரண்டாம் விதியே காரணம்.

வகுப்பு முடிவதற்குள் மறுபடி ஒரு தாள் கொடுப்பேன். இந்தத் தடவை நிலாவை வரையச் சொல்வேன். பூமியிலிருந்து சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளி, நொடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அதன் மேல் எந்தெந்த அம்பு? சில பிள்ளைகள் போகிற திசையில் ஒன்றைப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, தாங்களே அழித்துவிடுவார்கள். முன்னால் தள்ளுவதற்கு அங்கே யாரும் இல்லை. அது போவது நிலைமத்தால். சூரியனின் இழுப்பு பூமியையும் நிலாவையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இழுப்பதால் அதை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம். மிச்சம் ஒன்றே ஒன்று, பூமியை நோக்கி. பூமியின் மையத்திலிருந்து நாம் இருப்பதைப் போல அறுபது மடங்கு தூரத்தில் நிலா இருப்பதால், அங்கே பூமியின் இழுப்பு தரும் முடுக்கம் இங்கிருப்பதில் 3,600இல் ஒரு பங்கு. கணக்குப் போட்டால், ஒரு நொடியில் நிலா நேர்கோட்டில் ஒரு கிலோமீட்டர் போகிறது, அந்த நேர்கோட்டிலிருந்து பூமியின் பக்கமாக 1.4 மில்லிமீட்டர் விழுகிறது. அடுத்த நொடியும் ஒரு கிலோமீட்டர், மறுபடி 1.4 மில்லிமீட்டர். அப்படி விழுந்துகொண்டே இருப்பதால் அதன் பாதை வளைந்து வளைந்து பூமியைச் சுற்றி வந்துவிடுகிறது. மேலே எறிந்த பந்துக்குப் போட்ட அதே அம்புதான் இங்கேயும். வடிவமும் அதே, திசையும் அதே, கொடுப்பதும் அதே பூமி.